நீல விளக்கு எரிந்து உடனே அணைந்தால் – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் மாற்றம் செய்யப்பட்ட கையடக்க விளையாட்டுக் கருவிகள் ஆன் ஆகாமல் நின்றுபோவதைப் பற்றி, கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து வந்த ஐந்து கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐவரில் நால்வர் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். காரணங்கள்தாம் வேறு வேறு. எந்த நிற விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் எரிந்தது, அப்போது ஏதேனும் சத்தம் கேட்டதா என்று பார்த்து எழுதியவர்களுக்குத் திட்டமாகப் பதில் சொல்ல முடிகிறது. "செத்துப் போச்சுங்க" என்று மட்டும் எழுதிய மற்ற வாசகர்கள் அருள்கூர்ந்து இன்னொரு முறை கருவியைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

கேள்வி: எங்களுடையது விசைத்தறிக் குடும்பம். சிங்கப்பூரில் இருக்கும் என் மாமா பல வருடங்களுக்கு முன் வாங்கிக் கொடுத்த நின்டெண்டோ 3டிஎஸ் எக்ஸ்எல் கருவியை, இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் உதவியோடு லூமா என்ற மாற்று மென்பொருளைப் போட்டு மாற்றியமைத்தேன். போன வாரம் வரை நன்றாக ஓடியது. இப்போது பவர் பட்டனை அழுத்தினால் நீல விளக்கு எரிகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. திரைகள் இரண்டும் இருட்டாகவே இருக்கின்றன. கடையில் காட்டினேன், போர்டு போய்விட்டது என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– கல்லூரி மாணவர், சோமனூர்

பதில்: உண்டு, தம்பி. நீங்கள் எழுதியிருப்பதில் போர்டு போனதற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை. போகவில்லை என்பதற்கு நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. அது அந்த நீல விளக்குதான். பேட்டரி இறங்கியிருந்தால் அதே விளக்கு சிவப்பாக எரிந்திருக்கும். மின்சாரமே ஏறவில்லை என்றால் விளக்கே எரிந்திருக்காது. நீலமாக எரிந்தது என்றால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, பவர் பட்டன் வேலை செய்கிறது, செயலியும் விழித்துக்கொண்டது என்று பொருள். விழித்துக்கொண்ட செயலி தான் ஓட்ட வேண்டிய நிரலைத் தேடிப் பார்த்துவிட்டு, அது கிடைக்காததால் தானே அணைந்துவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

அந்தத் தேடல் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மாற்றம் செய்யாத 3டிஎஸ் கருவியில் இயங்குதளம் முழுவதும் போர்டின் மேலேயே இருக்கும் நாண்ட் நினைவகத்தில் இருக்கிறது. எஸ்டி கார்டு இல்லாமலே கருவி திறந்துகொள்ளும். 2017-க்குப் பிறகு மாற்றியமைக்கப்பட்ட கருவிகளில், அந்த நாண்டின் ஒரு பகுதியில் பூட்9ஸ்ட்ராப் என்ற சிறிய நிரல் எழுதப்பட்டிருக்கும். செயலி விழித்ததும் பொறுப்பு முதலில் இதன் கைக்குத்தான் வருகிறது. இது எஸ்டி கார்டைத் திறந்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் வெளியிலேயே 'பூட்.ஃபர்ம்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் நாண்டுக்குள் அதே பெயரில் பிரதி ஏதும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் கருவியை அணைத்துவிடும். நீங்கள் லூமா என்று சொல்வது அந்தப் பூட்.ஃபர்ம் கோப்பைத்தான்.

ஆகவே எதையும் கழற்றாமல், எதையும் ஃபார்மட் செய்யாமல், முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று: எஸ்டி கார்டை வெளியே எடுத்துவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். கார்டு இல்லாதபோது வழக்கமான முகப்புத் திரை வந்துவிட்டால், நாண்டுக்குள் லூமாவின் பிரதி நலமாக இருக்கிறது, தொல்லை முழுவதும் கார்டில்தான் என்று தெரிந்துவிடும். கார்டு இல்லாமலும் விளக்கு எரிந்து அணைந்தால் நாண்டில் பிரதி இல்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். அப்போதும் சந்தேகப்பட வேண்டியது கார்டையே. பழுது கார்டில் அல்லாமல் கார்டு செருகும் இடத்திலும் இருக்கலாம். உங்கள் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத்தூசி எங்கெல்லாம் போய் உட்காரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லடம் பக்கமிருந்து வந்த ஒரு 3டிஎஸ் கருவியில், கார்டு உள்ளே போய்ச் சேரும்போது கேட்க வேண்டிய 'டிக்' என்ற ஓசை கேட்கவில்லை. கார்டு ஒரு மயிரிழை வெளியே நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, பொந்தின் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஏதோ சுவர்போல் தெரிந்தது. மெல்லிய பிளாஸ்டிக் முனையால் நெருடி எடுத்தால், நகக்கனத்துக்கு அழுந்திப்போன பஞ்சு ஒரே துண்டாக வந்தது. கார்டின் விளிம்பு அதில் அச்சுப்போல் பதிந்திருந்தது. ஒவ்வொரு முறை கார்டைச் செருகும்போதும் உள்ளே போன தூசியைக் கார்டே இடித்து இடித்து அப்படி ஆக்கியிருக்கிறது. அதை எடுத்த பிறகு அந்தக் கருவிக்கு வேறு எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை. நீங்களும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பொந்தைப் பாருங்கள். ஊசி, ஹேர்பின் போன்ற உலோகத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். அங்கே இருக்கும் சிறு தொடுமுனைகள் வளைந்தால் பிறகு உண்மையாகவே கடைக்குத்தான் போக வேண்டும்.

பொந்து சுத்தமாக இருந்தால் கார்டைக் கணினியில் செருகுங்கள். அதில் உள்ள அனைத்தையும் ஒரு ஃபோல்டரில் அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: 'நின்டெண்டோ 3டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை உங்கள் கருவிக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டவை. அழிந்துபோனால் அதே ஆட்டத்தை இன்னொரு கருவியிலிருந்து கொண்டுவந்து போட்டு ஈடுகட்ட முடியாது. நகலெடுத்ததும், பூட்.ஃபர்ம் கோப்பு வெளியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பதிப்பைப் பதிவிறக்கி மாற்றும்போது பலர் செய்யும் தவறுகள் இரண்டு: சுருக்கக் கோப்பைத் தனி ஃபோல்டராக விரித்து, அந்த ஃபோல்டரோடு சேர்த்துக் கார்டில் போட்டுவிடுவது ஒன்று, இரண்டு முறை பதிவிறக்கியதால் 'பூட் (1).ஃபர்ம்' என்று பெயர் மாறிய கோப்பை அப்படியே போடுவது மற்றொன்று. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பூட்9ஸ்ட்ராப் அதைக் கண்டுகொள்ளாது. கோப்பின் அளவு சுழியமாக இருந்தால் எழுதும்போதே கார்டைப் பிடுங்கியிருக்கிறீர்கள். லூமாவை உருவாக்குபவர்களின் சொந்த வெளியீட்டுப் பக்கத்திலிருந்தே கோப்பைப் புதிதாக எடுத்துப் போடுங்கள். வேறு யாரோ தொகுத்துக் கொடுக்கும் 'எல்லாம் உள்ள பேக்' எதையும் நம்பாதீர்கள்.

இடையில் கார்டை மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். 64 ஜிபி-யும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். 3டிஎஸ் கருவிக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். விண்டோஸில் வழக்கமாக நாம் திறக்கும் ஃபார்மட் சாளரம் 32 ஜிபி-க்கு மேற்பட்ட கார்டுகளுக்கு ஃபேட்32 என்ற தெரிவையே பல ஆண்டுகளாகக் காட்டியதில்லை என்பதால், அதற்கென்று இருக்கும் தனி நிரலைப் பயன்படுத்த வேண்டும். அந்த நிரல் கேட்கும் ஒதுக்கீட்டு அலகின் (allocation unit) அளவை 64 ஜிபி வரை 32 கேபி என்றும், 128 ஜிபி கார்டுக்கு 64 கேபி என்றும் வைக்க வேண்டும். மலிவாகக் கிடைத்த கார்டு என்றால் அது போலியா என்றும் சோதித்துவிடுங்கள். உள்ளே 8 ஜிபி மட்டும் இருந்துகொண்டு 64 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் கார்டுகள் உண்டு. முதல் 8 ஜிபி நிறையும் வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், அதன் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் எழுதுவதுதான். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச நிரல்கள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

சரியான கோப்பு, சரியான கார்டு இரண்டும் சேர்ந்ததும் கருவி திறக்கும்போது லூமாவின் அமைப்புப் பட்டியல் முதலில் வரக்கூடும். பயப்பட வேண்டாம், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சேமித்துக்கொண்டு மேலே போய்விடும். இவ்வளவுக்குப் பிறகும் நீல விளக்கு அணைந்துகொண்டே இருந்தால், கருவியைக் காதருகே வைத்துக்கொண்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். அணையும் நேரத்தில் 'டப்' என்று ஸ்பீக்கரில் ஒரு சத்தமோ, திரையில் ஒரு கணம் வெளிச்சமோ வந்தால் கோளாறு மென்பொருளில் இல்லை. கீல் வழியாக மேல் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிளோ, திரையின் பின்விளக்கு இணைப்போ கழன்றிருக்கிறது. மேல் மூடியை வெவ்வேறு கோணத்தில் பிடித்து ஆன் செய்யும்போது ஒரு கோணத்தில் மட்டும் திறந்துகொண்டால் இது உறுதி.

சத்தமும் இல்லை, கார்டும் நல்லது, கோப்பும் இருக்கிறது என்ற நிலையில்தான் நாண்டில் உள்ள பூட்9ஸ்ட்ராப் கெட்டிருக்கலாம் என்று எண்ண வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. அதற்கென நிரல் எழுதப்பட்ட ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜை (நாமே நிரல் எழுதிக்கொள்ளக்கூடிய ஆட்டக் கார்ட்ரிட்ஜ்) செருகி, ஸ்டார்ட், செலக்ட், எக்ஸ் மூன்றையும் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தினால், நாண்டைத் தொடாமல் கார்ட்ரிட்ஜிலிருந்தே கருவி திறந்துகொள்ளும். மூடி மூடியிருக்கிறது என்று கருவி நம்பினால்தான் இது நடக்கும். ஆனால் மூடியை மூடினால் பட்டன்களை அழுத்த முடியாது. எனவே மூடியின் உணரி இருக்கும் இடத்தில் ஒரு சிறு காந்தத்தை வைத்து அதை ஏமாற்றுகிறார்கள். இதை முன்பே செய்து பழகியவரிடம் கொடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாண்ட் காப்புப்பிரதி என்று எவரேனும் தம்முடைய கருவியிலிருந்து எடுத்த கோப்பை உங்கள் கருவியில் எழுத வந்தால் தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கருவியின் நாண்டும் அதனதன் சாவியால் பூட்டப்பட்டது. அடுத்தவருடையதை எழுதினால், அதுவரை போகாத கருவி அன்றைக்குத்தான் போகும்.

கேள்வி: என் அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி, முதல் மாடல் பிஎஸ்பி (1000), என்னிடம் இருக்கிறது. கஸ்டம் ஃபர்ம்வேர் (நிறுவனம் தந்ததற்குப் பதிலாக ஆர்வலர்கள் உருவாக்கிய இயங்குநிரல்) போட்டது. பல வருடம் பீரோவில் கிடந்ததை எடுத்தால், பச்சை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறது. பேட்டரி மூடி சரியாக மூடவில்லை. நண்பரிடமிருந்து ஒரு பழைய பேட்டரியை வாங்கிப் போட்டேன். இப்போது பட்டனைத் தொடாமலே பச்சை விளக்கு எரிகிறது, அணைவதே இல்லை, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. சார்ஜர் தொலைந்துவிட்டதால், பல முனைகள் உள்ள அடாப்டரைப் பயன்படுத்துகிறேன்.
– வாசகர், கணபதி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று வேறு வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துவிட்டால் வழி தெரியும்.

மூடி மூடவில்லை என்றால் உங்கள் பழைய பேட்டரி உப்பிவிட்டது. லித்தியம் பேட்டரி உள்ளே வாயு உண்டாகி உப்புகிறது. அதை அமுக்கி மூட முயலவோ, குத்திக் காற்றை வெளியேற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். மீண்டும் சார்ஜ் செய்யாமல் எடுத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம்.

அடுத்தது அடாப்டர். பிஎஸ்பி-க்கு வேண்டியது 5 வோல்ட், முனையின் நடுப்பகுதி நேர்மின். 1000 மாடலோடு வந்த சார்ஜர் 2 ஆம்பியர் தரக்கூடியது. நீங்கள் சொல்லும் அடாப்டர்களில் 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று திருகி வைக்கும் வகை உண்டு. அதில் 5 இருப்பதே இல்லை. கை பட்டுத் திருகி 9-இல் நின்றுவிட்டால், போர்டில் சார்ஜ் பாதையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஃபியூஸ் எரிந்துபோகும். உங்களிடம் மல்டிமீட்டர் இல்லையென்றால் அந்த அடாப்டரை இன்றே ஒதுக்கிவிட்டு, 5 வோல்ட் யூஎஸ்பி சார்ஜரோடு பொருத்தும் பிஎஸ்பி முனை கொண்ட வயரை வாங்குங்கள்.

சரியான சார்ஜர் கிடைத்ததும் பேட்டரி, மெமரி ஸ்டிக், யூஎம்டி தட்டு (ஆட்டம் உள்ள வட்டு) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சார்ஜரில் மட்டும் ஆன் செய்யுங்கள். பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடக்கூடியது பிஎஸ்பி. இந்த வசதி இருக்கும்போது பேட்டரியா போர்டா என்று தவிக்கத் தேவையே இல்லை. திரை வந்துவிட்டால் கருவி நலமாக இருக்கிறது, குற்றம் பேட்டரியில்தான். பச்சை விளக்கு மறுபடியும் சில நொடிகளில் அணைந்தால், உள்நினைவகத்தில் ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷ்0 பகுதி கெட்டிருக்கிறது. வலது மேல் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து பாருங்கள்; கஸ்டம் ஃபர்ம்வேரின் மீட்புப் பட்டியல் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது உங்கள் நண்பரின் பேட்டரிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். பட்டனைத் தொடாமலே விளக்கு எரிகிறது, அணையவில்லை, திரை இருட்டாக இருக்கிறது என்றால் அது அநேகமாகப் பண்டோரா பேட்டரி. பிஎஸ்பி பேட்டரிக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதில் ஒரு வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் முழுவதையும் பதினாறடிமான முறையின் உச்ச மதிப்பாக மாற்றிவிட்டால், கருவி தன்னைப் பழுதுநீக்கும் நிலைக்குக் கொண்டுபோய், உள்நினைவகத்தைப் பார்க்காமல் மெமரி ஸ்டிக்கில் உள்ள நிரலைத் தேடும். தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுநீக்கும் பிரிவுக்காக வைக்கப்பட்ட இந்த வழியை 2007-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்களில் பலர் தம் பேட்டரியை இப்படி மாற்றிவிட்டு, பிறகு மறந்தும் போனார்கள். உங்கள் நண்பருக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே சார்ஜரில் மட்டும் ஆன் செய்யும் சோதனையில் உங்கள் கருவி தோற்றால், பழுது என்று நீங்கள் நினைத்த அந்தப் பேட்டரிதான் மருந்தாகப் போகிறது. 1000 மாடல் அனைத்தும் பண்டோராவை ஏற்கும். கூடவே ஒரு மெமரி ஸ்டிக் தயார் செய்ய வேண்டும். கோப்புகளை இழுத்துப் போட்டால் மட்டும் போதாது, ஸ்டிக்கின் தொடக்கப் பகுதியில் தொடக்க நிரலை அதற்குரிய கருவியால் எழுத வேண்டும். இதற்கு அக்காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய நிரலின் பெயர் ஸ்பானிய மொழியில் 'டெஸ்பெர்ட்டார் டெல் செமென்டேரியோ'. கல்லறையிலிருந்து எழுப்புதல் என்று பொருள்படும். அதன் எட்டாம் பதிப்பு 5.00 எம்33 என்ற கஸ்டம் ஃபர்ம்வேரை முழுவதும் புதிதாக எழுதிக் கொடுக்கும். எழுதி முடியும் வரை மின்சாரம் நிற்கக் கூடாது. எனவே பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், கரண்ட் போகும் நேரம் பார்த்துத் தொடங்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது பிஎஸ்பி 3000, 6.60 ப்ரோ என்ற கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டது. நன்றாகத்தான் ஆன் ஆகிறது. ஆனால் விளையாட்டைத் திறந்தால் திறக்க முடியவில்லை என்று 80020148 என்ற எண் வருகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதற்குப் பிறகுதான் இப்படி. மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து போட வேண்டுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம், எதுவும் கெடவில்லை. 3000 மாடலில் ப்ரோ தற்காலிக நினைவகத்தில்தான் தங்குகிறது. பவர் பட்டனைத் தட்டித் தூங்க வைத்தால் அது இருக்கும்; பட்டனைச் சில நொடிகள் பிடித்து முழுவதும் அணைத்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ கலைந்துபோய், பழைய இயல்பான ஃபர்ம்வேர் மட்டும் மிஞ்சும். மெமரி ஸ்டிக்கில் 'ஃபாஸ்ட் ரெகவரி' என்ற ஐகான் இருக்கும்; அதை ஒருமுறை ஓட்டினால் பழையபடி ஆகிவிடும். ஐகான் இல்லையென்றால் மட்டும் அதன் கோப்பை மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். 3000 மாடலில் பண்டோரா பேட்டரி வேலை செய்யாது என்பதால், ஃபர்ம்வேரை நிரந்தரமாக எழுதும் முயற்சியில் இறங்குவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். பேட்டரிபோல் நடிக்கும்படி கணினியை இணைத்து மீட்கும் பேரியன் ஸ்வீப்பர் முறை இப்போது இருக்கிறது என்றாலும், அதற்கு வயர் பற்றவைக்கும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: கீழ்பவானி வாய்க்காலில் குளிக்கப் போன இடத்தில் என் தங்கை மகன் தன்னுடைய 3டிஎஸ் கருவியைத் தண்ணீரில் போட்டுவிட்டான். உடனே எடுத்துத் துடைத்து, இரண்டு நாள் அரிசி டப்பாவில் வைத்திருந்தோம். பிறகு சார்ஜ் போட்டால் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. ஆன் செய்தால் நீலம் எரிந்து 'டப்' என்று சத்தம் கேட்டு அணைகிறது. மாற்றியமைத்த கருவி என்பதால் மறுபடி லூமா போட்டால் சரியாகுமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: லூமாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தயவுசெய்து இன்னொரு முறை ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். அரிசியில் வைக்கச் சொல்வது நம்மிடையே நன்றாக வேரூன்றிவிட்ட பழக்கம். நீங்கள் செய்ததில் தவறில்லை. ஆனால் அரிசி கருவியின் மேலே இருக்கும் ஈரத்தை மட்டும்தான் சிறிது எடுக்கும். சிப்புகளின் அடியிலும் கனெக்டர்களின் இடுக்கிலும் நிற்கும் தண்ணீரை அது எட்டுவதில்லை. தண்ணீர் தானாக உலர்ந்தாலும் அதில் கரைந்திருந்த உப்பும் வாய்க்கால் வண்டலும் அங்கேயே தங்கிவிடும். அதன்மேல் மின்சாரம் பாயும்போதுதான் செம்பு அரிக்கிறது. தண்ணீரில் விழுந்த கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரன்று, ஈரத்தோடு ஏற்றிய மின்சாரம்.

பின்மூடியைத் திறந்து முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு போர்டை வெளியே எடுத்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும் இடங்களில், குறிப்பாகத் திரை கேபிள்கள் செருகும் வாய்களில், பொறுமையாகத் தேய்க்க வேண்டும். நீங்கள் கேட்ட அந்த 'டப்' சத்தம், சோமனூர்த் தம்பிக்கு எழுதியதுபோல், மேல் திரைக்குப் போகும் இணைப்பைத்தான் காட்டுகிறது; அந்த வாயில் வண்டல் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். ரிப்பன் கேபிளைப் பிடுங்கும் முன் அதன் சிறு பூட்டை நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கிழிந்துபோகும். இந்த வேலை பழக்கமில்லையென்றால் மொபைல் போர்டு வேலை செய்பவரிடம், "தண்ணீரில் விழுந்தது, கெமிக்கல் வாஷ் மட்டும் செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். அவர்களுக்கு இது அன்றாட வேலை. நனைந்த பேட்டரியை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். ஆரஞ்சு விளக்கு ஒழுங்காக எரிந்திருப்பதால், சார்ஜ் பாதை பிழைத்திருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு அவன் அப்புச்சி வாங்கிக் கொடுத்த 3டிஎஸ் ஆன் ஆகவில்லை. அதில் ஏதோ மாற்றம் செய்திருப்பதாக இப்போதுதான் சொல்கிறான். இது சட்டப்படி குற்றமா? கடையில் கொடுத்தால் அவன் மூன்று வருடமாக விளையாடி வைத்ததெல்லாம் அழிந்துவிடும் என்று அழுகிறான்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது, 2012-இல் செய்த திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்று அது சொல்கிறது. நோக்கம் என்ற சொல் அதில் முக்கியமானது. தானே எழுதிய நிரலை ஓட்டுவதும், தான் வாங்கிய ஆட்டத்தின் சேமிப்பைக் காப்புப்பிரதி எடுப்பதும் ஒரு வகை. காசு கொடுக்காமல் ஆட்டங்களை இறக்கிக் குவிப்பது முற்றிலும் வேறு வகை. உங்கள் மகன் எதைச் செய்தான் என்று கோபப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நின்டெண்டோ 3டிஎஸ்-க்கான இணையக் கடையில் வாங்கும் வசதி 2023 மார்ச்சில் நின்றுவிட்டதால், இனி சரியான வழி என்பது பழைய கார்ட்ரிட்ஜ்களை வாங்குவதுதான். அதையும் அவனிடம் சொல்லுங்கள்.

கடையைப் பொறுத்தவரை, கொடுக்கும் முன் எஸ்டி கார்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போர்டையோ திரையையோ பார்ப்பதற்கு அவர்களுக்கு அந்தக் கார்டு தேவையில்லை. எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கருவியோடு ஒட்டிவிடுங்கள். "சிஸ்டம் ஃபார்மட் செய்யக் கூடாது" என்பதையும் அதிலேயே எழுதுங்கள், ஏனென்றால் அப்படிச் செய்துவிட்டால் கருவியின் சாவி மாறி, வீட்டில் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் கார்டையே அது அடையாளம் கண்டுகொள்ளாது. மகன் விளையாடியது கார்ட்ரிட்ஜ் ஆட்டம் என்றால், அவன் சேமித்தது கருவியில் இல்லை, எஸ்டி கார்டிலும் இல்லை. அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. வேறொருவருடைய 3டிஎஸ் கருவியில் அதைச் செருகினால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். இதை இன்று இரவே அவனிடம் சொல்லிவிடுங்கள்.